சோப்பு அக்காவின் முழு டேங்க்

படகுத்துறையில் போய் அவள் பெயரைச் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது. சோப்பு அக்கா எங்கே என்று கேட்டால், டிக்கெட் கிழிப்பவர் முதல் கயிறு கட்டுபவர் வரை கையை நீட்டி வழி காட்டுவார்கள். இத்தனைக்கும் அவள் வாழ்நாளில் ஒரு சோப்புக்கட்டிகூட விற்றதில்லை. விற்பதெல்லாம் டீசல்தான். பூமியைத் தோண்டி எடுத்த டீசல் அல்ல. வறுவல் கடைகளிலும் விடுதிச் சமையலறைகளிலும் காய்ந்து காய்ந்து கறுத்துப்போய், சாக்கடைக்குப் போகவிருந்த எண்ணெயை வாங்கிவந்து அவள் காய்ச்சி எடுக்கும் பயோடீசல்.

பட்டப்பெயர் வந்த கதை இதுதான். ஏழு வருஷத்துக்கு முன்னால் முதன்முதலாக நூறு லிட்டர் பழைய எண்ணெயை ஒரு பீப்பாயில் ஊற்றிச் சூடாக்கி, காஸ்டிக் சோடா கரைத்த மெத்தனாலைக் கலந்து, மூடி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். கணக்குப்படி மறுநாள் அடியில் கிளிசரின் கனமாக இறங்கியிருக்க வேண்டும். மேலே எரிபொருள் தேன் நிறத்தில் தெளிந்து நிற்க வேண்டும். வாங்கிய எண்ணெயில் தண்ணீர் கலந்திருந்ததை அவள் கவனிக்கவில்லை. திறந்து பார்த்தால் பீப்பாய் முழுக்க ஒரே சோப்பு. கரண்டியை விட்டால் கரண்டி அப்படியே நட்டுக்கொண்டு நின்றது. அதை வெட்டி எடுத்து அக்கம்பக்கத்தில் கொடுத்தாள். தெருவே நான்கு மாதம் அதில்தான் பாத்திரம் தேய்த்தது. தேய்த்த நன்றிக்கு அவளுக்கு ஒரு பெயரையும் வைத்துவிட்டது.

அதற்கு முன்னால் பத்தொன்பது வருஷம் அவள் ஒரு பள்ளிக்கூடத்தின் வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளர். குடுவை கழுவுவது, கரைசல் கலந்து வைப்பது, பிள்ளைகள் உடைத்ததைக் கூட்டி அள்ளுவது, இதுதான் வேலை. ஆசிரியர்கள் வந்தார்கள், போனார்கள். இவள் மட்டும் அங்கேயே இருந்தாள். பியூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக விழும்போது எந்தச் சொட்டில் குடுவை இளஞ்சிவப்பாகும் என்பதை ஆசிரியருக்கு முன்னால் இவள் கண் கண்டுபிடித்துவிடும். சொன்னால் யார் கேட்கப்போகிறார்கள் என்று வாயை மூடிக்கொண்டு இருந்தாள். பிறகு சோதனையெல்லாம் கணினித் திரையிலேயே செய்து காட்டலாம் என்று பள்ளிக்கூடம் முடிவெடுத்தது. அவளுக்கு ஒரு மாலையும் ஒரு கைக்கடிகாரமும் கொடுத்து அனுப்பினார்கள். கடிகாரம் வேண்டாம், விளிம்பு உடைந்த அந்த இரண்டு பியூரெட்டும் பழைய தராசும் போதும் என்று கேட்டு வாங்கிக்கொண்டாள்.

பயோடீசல் அவள் கண்டுபிடித்த சங்கதி இல்லை. டீசல் எஞ்சின் பிறந்த புதிதிலேயே ஒரு கண்காட்சியில் அதைக் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டியிருக்கிறார்கள். பிரேசிலில் சோயா, இந்தோனேசியாவில் செம்பனை, ஐரோப்பாவில் கடுகு இனத்து ரேப்சீட் என்று எது அதிகம் விளைகிறதோ அதைக் காய்ச்சி, பல நாடுகளில் சாதாரண டீசலோடு சில பங்கு கலந்துதான் பெட்ரோல் பங்க்குகளிலேயே விற்கிறார்கள். இதையெல்லாம் அவள் நூலகத்தில் உட்கார்ந்து, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நோட்டில் எழுதி எழுதிப் படித்தாள். அந்த நோட்டில் ஒரு பக்கத்தில் சிவப்பு மையில் அடிக்கோடு போட்டு இப்படி எழுதியிருந்தாள்: பழைய டேங்கில் முதலில் குறைவாகக் கலந்து ஊற்ற வேண்டும். ஏனென்றால் இந்த எரிபொருள் நல்ல துப்புரவுக்காரர். டேங்கில் வருஷக்கணக்காகப் படிந்த கசடையெல்லாம் கழற்றிக் கொண்டுவந்து ஃபில்டரில் அடைத்துவிடும். படித்தாள், எழுதினாள், அடிக்கோடும் போட்டாள். செய்ததுதான் வேறு.

அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதற்காக அவள் உட்கார்ந்து வருந்தியதாகவும் யாரும் பார்த்ததில்லை. அம்மா போனபோது தம்பிக்கு ஆறு வயது, இவளுக்குப் பதினெட்டு. அவனைக் குளிப்பாட்டித் தலைவாரிப் பள்ளிக்கூடம் அனுப்பியவள் இவள்தான். அவன் படகுக்குக் கயிறு வீசும் ஆளாகச் சேர்ந்து, தளம் கழுவி, சுக்கான் பிடிக்கக் கற்றுக்கொண்டு, ஓட்டுநர் லைசென்ஸ் எழுத்துப் பரீட்சையில் இரண்டு தடவை கோட்டை விட்டு, மூன்றாவது தடவை தேறியபோது அவனுக்கு முப்பத்தி நான்கு வயது. அந்த லைசென்ஸை பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைப் பையிலேயே வைத்திருப்பான். அவனுக்கென்று ஊரில் இருந்த ஒரே சொத்து அதுதான்.

படகுத்துறையின் மூன்று பயணிகள் படகுகளையும் நடத்தும் அலுவலகத்தின் படிகளில் சோப்பு அக்கா இரண்டு வருஷம் ஏறி இறங்கினாள். கடைசியில் ஒப்புக்கொண்டார்கள்: ஒரு படகு, ஒரு மாதம், நூற்றுக்கு இருபது பங்கு அவள் எரிபொருள், எண்பது பங்கு டீசல். அதற்கு ஒரு நிபந்தனையும் வைத்தார்கள். டேங்கில் அனுமதித்ததுதான் இருக்கிறது என்று அந்தப் படகின் ஓட்டுநர் கையெழுத்துப் போட வேண்டும். அளவு மாறியது தெரிந்தால் அவர் லைசென்ஸ் பறிபோகும். மற்ற இரண்டு ஓட்டுநர்களும் நாசூக்காக நழுவிவிட்டார்கள். தம்பி தாளை வாங்கினான், படிக்கக்கூட இல்லை, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான்.

"படிச்சிட்டுப் போடுடா," என்றாள் அவள்.

"டேங்க்ல ஊத்தறது நீதானே. அப்புறம் என்ன படிக்கறது?"

இதற்கு மேல் ஒரு மனுஷன் இன்னொரு மனுஷியை நம்ப முடியாது. அந்த நம்பிக்கையை அவள் என்ன செய்தாள் என்று கேட்டால், சொல்லவே எரிச்சலாக வருகிறது.

படகுத்துறைக்கு டீசல் போடும் ஏஜென்ட் ஒருவர் உண்டு. நாலு பேர் கூடிய இடத்தில் நக்கலடிக்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. டேங்க் நிரப்புவதற்கு முதல் நாள் சாயங்காலம், டிக்கெட் கவுண்டர் பக்கத்தில் நின்றுகொண்டு அவர் சொன்னார்: "இருபது பங்குதானே? எண்பது பங்கு நம்ம டீசல் படகை ஓட்டும். இருபது பங்கு அக்கா சோப்பு, போற வழியில ஆத்தைக் கழுவிக்கிட்டே போகும்." எல்லோரும் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தான். ஏஜென்ட் சொன்னதை அவள் தூசுபோலத் தட்டிவிட்டிருப்பாள். தம்பியின் சிரிப்புதான் தைத்துவிட்டது.

மறுநாள் விடிந்ததும் படகின் நானூறு லிட்டர் டேங்க் கிட்டத்தட்டக் காலியாக இருந்தது. நிரப்பும் பொறுப்பு அவளுடையது. அலுவலகம் கொடுத்த டீசல் கேன்கள் துறையில் வரிசையாக நின்றன. அவள் அவற்றை ஒவ்வொன்றாகத் தூக்கிக் கிடங்கில் தார்ப்பாய்க்கு அடியில் வைத்தாள். தன் வண்டியிலிருந்து இருநூறு லிட்டர் பீப்பாய் இரண்டை இறக்கி, கைப்பம்பு போட்டு, முழு டேங்கையும் தன் சரக்காலேயே நிரப்பினாள். அடுத்த நாள் அலுவலகத்துப் பொறியாளர் அம்மா பயணிகளோடு பயணிகளாக வந்து சோதிக்கப்போகிறார். அக்கரை சேர்ந்ததும், "நீங்க இவ்வளவு நேரம் வந்தது ஒரு சொட்டு டீசல் இல்லாம" என்று சொல்ல வேண்டும். ஏஜென்ட் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும். தம்பியும் பார்க்க வேண்டும். நோட்டில் போட்ட சிவப்புக்கோடு ஞாபகம் வராமல் இல்லை. ஆனால் எஞ்சின் அறைப் பதிவேட்டில், டேங்க் இரண்டு வருஷத்துக்கு முன் திறந்து சுத்தம் செய்யப்பட்டது என்று எஞ்சின்காரர் கையெழுத்தோடு இருந்தது. சுத்தமான டேங்க்தானே என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். அன்றைக்கு எஞ்சினைத் துறையிலேயே அரைமணி நேரம் ஓட்டிப் பார்த்தார்கள். நன்றாகத்தான் ஓடியது.

சோதனை நாள் காலை ஒன்பதே காலுக்குப் படகு கிளம்பியது. நூற்றுப் பதினான்கு பேர். வேலைக்குப் போகிறவர்கள், பள்ளிச் சீருடைகள், இரண்டு சைக்கிள், ஒரு தையல் இயந்திரம். பொறியாளர் அம்மா முன்பெஞ்சில் நோட்டோடு உட்கார்ந்திருந்தார். ஆறு அந்த இடத்தில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் அகலம். முந்தின வாரம் மேலே பெய்த மழையில் தண்ணீர் காபி நிறத்தில் வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. கீழ்ப்பக்கம், பாதியில் நிற்கும் புதுப் பாலத்தின் கான்கிரீட் தூண்கள் ஆற்றுக்குள் வரிசையாக நின்றன. அவற்றைச் சுற்றி இன்னும் வெட்டாத இரும்புக் கம்பிகள் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தன.

சோப்பு அக்கா எஞ்சின் அறைக்குப் போகும் ஏணிக்குப் பக்கத்தில் நின்றாள். காலடியில் ஒரு இருபது லிட்டர் கேன். பொறியாளருக்குக் காட்டுவதற்காகவே வடிகட்டி எடுத்துவந்தது. வெயிலில் பிடித்தால் மறுபக்கம் இருக்கும் விரல் தெரியும், அவ்வளவு தெளிவு.

நடு ஆற்றுக்குக் கொஞ்சம் முன்னால் எஞ்சின் சத்தம் லேசாகத் தணிந்தது. உடனே ஏறியது. மறுபடி தணிந்தது.

பயணிகள் யாருக்கும் அது காதில் விழவில்லை. அவளுக்கு விழுந்தது. ஃபில்டர் அடைக்கிறது. வேறெதுவும் இல்லை, அதுதான். இரண்டு வருஷத்துக்கு முன் சுத்தம் செய்த டேங்கில் அடைக்கிற அளவு கசடு எங்கிருந்து வந்தது என்று யோசிப்பதற்குள் எஞ்சின் இரண்டு தரம் இருமியது. மூன்றாவது தரம் இருமவில்லை. நின்றுவிட்டது.

எஞ்சின் நின்றால் படகில் ஒரு அமைதி வரும், அது பழகியவர்களுக்குப் பிடிக்காத அமைதி. தண்ணீர் பலகையில் உரசும் சத்தம் மட்டும் கேட்டது. படகின் மூக்கு மெதுவாகக் கீழ்ப்பக்கம் திரும்பியது.

"நங்கூரம் போடு," என்று தம்பி மேலேயிருந்து சொன்னான். போட்டார்கள். சங்கிலி கடகடவென்று ஓடி நின்றது. படகு ஒரு குலுக்கு குலுக்கியது, பிறகு மறுபடி நகர ஆரம்பித்தது. அடியில் பாறை. நங்கூரம் பிடிக்காமல் அதன்மேல் தேய்ந்துகொண்டே வந்தது. வேகத்தை மட்டும் பாதியாகக் குறைத்தது. கரைக்கு வயர்லெஸில் சொன்னான். இன்னொரு படகு வந்து சேர இருபது நிமிஷம் ஆகும் என்றார்கள். தம்பி பாலத் தூண்களைப் பார்த்தான், தண்ணீரைப் பார்த்தான். தூணில் மோதப் பன்னிரண்டு நிமிஷத்துக்கு மேல் இல்லை என்று அவனுக்கே தெரிந்தது. உதவியாளிடம் சுக்கானைக் கொடுத்துவிட்டு, பொறியாளரிடம் எல்லோருக்கும் மிதவைச் சட்டை கொடுக்கச் சொல்லிவிட்டு, ஏணியில் இறங்கினான். சோப்பு அக்கா அவனுக்கு முன்னால் இறங்கியிருந்தாள்.

கீழே எஞ்சின்காரர் வேர்த்து வழிய, ஸ்பேனரோடு எரிபொருள் பம்பின் போல்ட்டில் கை வைத்திருந்தார். அவருக்கும் அவள் வயதுதான் இருக்கும். இருபத்தி இரண்டு வருஷமாக அந்த எஞ்சினோடு குடித்தனம் நடத்துகிறவர்.

"பம்ப் போச்சு," என்றார். "கழட்டிப் பார்த்தாத்தான் தெரியும்."

"எவ்வளவு நேரம்?" என்றான் தம்பி.

"அரைமணி."

"நமக்குப் பத்து நிமிஷம்கூட இல்ல."

"பம்ப் இல்லை, ஃபில்டர்," என்றாள் அவள்.

எஞ்சின்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஃபில்டர் போன வாரம்தான் மாத்தினேன். இருபது பங்குக்கெல்லாம் ஒரே நாள்ல அடைக்காது. நானும் விசாரிச்சு வச்சிருக்கேன். நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வெளிச்சம் மறைக்குது."

அவர் சொன்னது நியாயம்தான். இருபது பங்குக்கு அடைக்காது. முதல் போல்ட் கழன்று கையோடு வந்துவிட்டது. இரண்டாவது போல்ட்டும் கழன்றால் பம்பைத் திரும்பப் பூட்டவே நேரம் போதாது. தம்பி பக்கத்தில் நிற்கிறான். சட்டைப் பையில் அந்தப் பிளாஸ்டிக் உறை. வேறு வழியில் சொல்லிவிட முடியுமா என்று அந்த நேரத்திலும் மனசு ஒரு சந்து தேடியது, அதுதான் அவளுக்குப் பிற்பாடு நினைக்க நினைக்க அருவருப்பாக இருந்தது. சந்து எதுவும் இல்லை.

"இருபது பங்கு இல்லை," என்றாள். "டேங்க்ல டீசலே இல்லை. முழுக்க என்னோடது."

எஞ்சின்காரரின் ஸ்பேனர் நின்றது.

தம்பி அவளைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பாள். சின்ன வயதில் அடிபட்டு விழுந்தால், வலி உறைப்பதற்கு முன்னால் ஒரு நொடி, என்ன நடந்தது என்று புரியாமல் நிமிர்ந்து பார்ப்பானே, அப்படிப் பார்த்தான்.

"எப்போ?" என்றான்.

"நேத்துக் காலையில. அப்புறம் கேளு. முதல்ல ஃபில்டரைக் கழட்டச் சொல்லு."

எஞ்சின்காரர் போல்ட்டை முடுக்கிவிட்டு ஃபில்டர் கிண்ணத்தைத் திருகி இறக்கினார். உள்ளே எரிபொருள் இல்லை. கறுப்பாக, கூழாக, தார் மாதிரி ஒன்று அப்பியிருந்தது. மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள்.

"மாத்து ஃபில்டர் இருக்கா?" என்றான் தம்பி.

"ஒண்ணு இருக்கு." அவர் அலமாரியிலிருந்து அதை எடுத்துப் பிரித்தார். "இதைப் போட்டு உடனே கிளப்பிடலாம்."

"கூடாது," என்றாள் அவள். "டேங்க்ல இருந்து எடுத்தா இதுவும் மூணு நிமிஷத்துல அடைச்சிரும். அதுக்கப்புறம் கையில ஒண்ணும் இல்லை."

"டேங்க் சுத்தமாத்தானே..." என்று தம்பி ஆரம்பித்தான்.

எஞ்சின்காரர் ஃபில்டரைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். மேலே ஒரு குழந்தை அழுதது. யாரோ தம் ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கொண்டிருந்தார்கள்.

"சுத்தம் பண்ணலை," என்றார் அவர். "படகை ஒரு நாள் நிறுத்தினாத்தான் டேங்கைத் திறக்க முடியும். ஆபீஸ்ல நிறுத்த விடலை. கையெழுத்து மட்டும் போடச் சொன்னாங்க, போட்டேன். நான் வந்ததுல இருந்து அந்த மூடியைத் திறந்ததே இல்லை."

இருபத்தி இரண்டு வருஷத்துக் கசடு. அவள் ஊற்றிய நானூறு லிட்டர் ஒரு பகலும் ஒரு இரவும் உட்கார்ந்து அத்தனையையும் ஊறவைத்துக் கழற்றியிருந்தது. அவள் சரக்கில் ஒரு குறையும் இல்லை. அந்த நினைப்பில் அவளுக்குத் துளிக்கூட ஆறுதல் கிடைக்கவில்லை.

"டேங்கை விட்டுருங்க," என்றாள். "மேலே என் கேன் இருக்கு. இருபது லிட்டர், கண்ணாடி மாதிரி. டேங்க் குழாயைக் கழட்டிட்டுக் கேன்ல இருந்து நேரா எடுங்க. திரும்பி வர்ற குழாயையும் கேனுக்குள்ளேயே விடுங்க. கரைக்குப் போக அஞ்சு லிட்டர்கூட ஆகாது."

தம்பி ஏணியில் ஏறி, கேனோடு இறங்கினான். எஞ்சின்காரர் ரப்பர்க் குழாயின் கிளிப்பைத் தளர்த்தி உருவினார். மிச்சமிருந்த கறுப்புக் கூழ் அவர் காலில் கொட்டியது. துணியால் குழாயைத் துடைத்து, வாயால் ஊதி, கேனுக்குள் விட்டார். தம்பி கேனைத் தோளுயரத்துக்குத் தூக்கி எஞ்சினுக்கு மேலேயிருந்த கட்டையில் வைத்து, விழாமல் இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டான். புது ஃபில்டர் ஏறியது. இனி குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றியாக வேண்டும். எஞ்சின்காரர் ஃபில்டர் தலையிலிருந்த நட்டைத் தளர்த்தினார், சோப்பு அக்கா அதன் பக்கத்திலிருந்த சின்னக் கைப்பம்பைக் கட்டைவிரலால் அழுத்தினாள். நட்டு ஓரத்தில் நுரை வந்தது. அழுத்தினாள். நுரை வந்தது.

"இன்னும்," என்றார் எஞ்சின்காரர்.

மேலேயிருந்து உதவியாள் கத்தாமல், ஆனால் குரல் உடைந்து சொன்னான்: "அண்ணே, முதல் தூண் கிட்ட வந்திருச்சு."

"தூரம் சொல்லு," என்றான் தம்பி கேனை விடாமல்.

"அறுபது மீட்டர் இருக்கும்."

அவள் கட்டைவிரல் மரத்துப்போனது. மறு கையை மாற்றி அழுத்தினாள். பத்தொன்பது வருஷம் சொட்டு எண்ணிய கண், நட்டின் ஓரத்தை விட்டு நகரவில்லை. குமிழி, குமிழி, பெரிய குமிழி ஒன்று. பிறகு நுரை இல்லாமல் தெளிவாக ஒரு சொட்டு வந்தது. அதன் பின்னால் இன்னொன்று.

"முடுக்குங்க," என்றாள்.

எஞ்சின்காரர் நட்டை முடுக்கிவிட்டுச் சாவியைத் திருகினார். எஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை. மறுபடி திருகினார். பிடிக்கவில்லை. பேட்டரி களைத்துப்போன சத்தம் கேட்டது. மூன்றாவது முறை உறுமிப் பிடித்தது. தம்பி கேனை அவள் கையில் திணித்துவிட்டு ஏணியில் இரண்டிரண்டு படியாகத் தாவினான். படகு ஒரு பக்கம் சாய்ந்தது. வெளியே கான்கிரீட்டின் நிழல் சாளரத்தை மூடியது, இரும்புக் கம்பி ஒன்று வெளிப்பலகையை முன்னிருந்து பின்வரை கீச்சென்று கீறிக்கொண்டு போனது. நிழல் விலகியது. வெயில் திரும்ப உள்ளே வந்தது. அவள் கேனைக் கட்டிப்பிடித்தபடி நின்றாள்.

அக்கரையில் எல்லோரும் இறங்கிய பிறகு பொறியாளர் அம்மா ஓட்டுநர் அறைக்கு வந்தார். முகம் வெளுத்திருந்தது, குரல் மட்டும் நிதானமாக இருந்தது. "என்ன நடந்ததுன்னு இப்பவே பதிவேட்டுல எழுதுங்க. நான் கீழே போய்க் கீறலைப் பார்த்துட்டு வர்றேன்," என்று சொல்லிவிட்டுப் போனார். எஞ்சின் அறையில் பேசியது எதுவும் அவருக்குத் தெரியாது.

அறைக்குள் மூவரும் நின்றார்கள். எஞ்சின்காரர் முதலில் வாயைத் திறந்தார்.

"ஃபில்டர் பழசு, அடைச்சிருச்சுன்னு எழுதுங்க. முடிஞ்சது. டேங்கை நான் ரகசியமாத் திறந்து கழுவிடறேன். அக்கா எடுத்து வச்சிருக்கற டீசலைக் கொண்டாந்து ஊத்திடட்டும். யாருக்குத் தெரியப்போகுது?"

தம்பி பேனாவின் மூடியைக் கழற்றினான்.

"எழுதுடா," என்றாள் அவள். "உனக்குத் தெரியாதுன்னு எழுது. அக்கா உன்கிட்ட சொல்லாம ஊத்தினான்னு எழுது. நான் கையெழுத்துப் போடறேன். உன் மேல தப்பே இல்லை."

அவன் பதிவேட்டில் வெள்ளைப் பக்கத்தைத் திருப்பினான்.

"நூத்திப் பதினாலு பேர்," என்றான். "தெரிஞ்சே ஓட்டினேன்னு எழுதினா லைசென்ஸ் போகும். என் டேங்க்ல என்ன இருக்குன்னே தெரியாம ஓட்டினேன்னு எழுதினாலும் போகும், போகணும். ரெண்டுல எது நடந்ததோ அதை எழுதறேன். நீ எனக்கு வழி சொல்லாதே."

எழுதினான். முழு டேங்க் என்று எழுதினான், தனக்குத் தெரியாது என்று எழுதினான், டேங்க் கழுவாததையும் எழுதினான். எஞ்சின்காரர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு தம்பி சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறையை எடுத்துப் பதிவேட்டின் மேல் வைத்தான். பொறியாளர் அம்மா கேட்பதற்கு முன்னாலேயே வைத்தான்.

விசாரணை நடந்தது. எஞ்சின்காரருக்கு எச்சரிக்கை. கையெழுத்து மட்டும் போடச் சொன்ன ஆபீஸ்காரர் யாரென்று கடைசிவரை யாருக்கும் ஞாபகம் வரவில்லை. மூன்று படகுகளின் டேங்கையும் திறந்து சுரண்டிக் கழுவினார்கள். அப்புறம்தான் வேடிக்கை. அந்தக் கேனிலிருந்து ஓடிய எஞ்சினைப் பொறியாளர் அம்மா பிரித்துப் பார்த்தார். உள்ளே குறை சொல்ல ஒன்றுமில்லை. இருபது பங்கு என்ற பேச்சு மூன்று படகுக்கும் நிலைத்தது. இரண்டு பேருந்து டிப்போக்களும் கேட்டு வந்தன. சோப்பு அக்காவின் கொட்டகையில் இப்போது ஆறு பீப்பாய் காய்கிறது, நான்கு பெண்கள் வேலை செய்கிறார்கள். ஏஜென்ட்கூட மரியாதையாகத்தான் பேசுகிறார். அவள் ஆசைப்பட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. தம்பிக்குப் பதினோரு மாதம் லைசென்ஸ் இல்லை.

அந்தப் பதினோரு மாதமும் அவன் டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்திருந்தான். அவள் கேன்களோடு அந்த ஜன்னலைத் தாண்டித்தான் போக வேண்டும். "வா அக்கா," என்பான் வழக்கம்போல. வீட்டுக்கு வந்தால் சாப்பிட்டுவிட்டுத்தான் போவான். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டித் தீர்த்திருந்தால் அவளும் அழுது தீர்த்திருப்பாள். அதற்கு அவன் இடம் கொடுக்கவே இல்லை.

லைசென்ஸ் திரும்ப வந்த அன்று காலை, எல்லோருக்கும் முன்னால் அவள் துறைக்கு வந்துவிட்டாள். இருபது பங்கு கலந்த கேன்களை வரிசையாக இறக்கி வைத்தாள். தம்பி படகிலிருந்து இறங்கி வந்தான். கையில் ஒரு கண்ணாடிக் குழாய், அடர்த்தி பார்த்து எத்தனை பங்கு கலந்திருக்கிறது என்று காட்டும் மிதவை ஒன்று. இரண்டும் புதிது, அவளிடம் கேட்காமல் அவனே வாங்கியிருந்தான்.

"இருபதுதான்டா," என்றாள்.

"சரி அக்கா," என்றான் அவன், அன்பாகத்தான் சொன்னான். முதல் கேனின் மூடியைத் திறந்து குழாயில் ஊற்றி, மிதவையை விட்டு, அது ஆடி அடங்கும்வரை காத்திருந்து, குனிந்து கோட்டைப் பார்த்தான். நோட்டில் குறித்தான். இரண்டாவது கேனைத் திறந்தான். மூன்றாவதைத் திறந்தான். ஒன்றைக்கூட விடவில்லை. அவள் பக்கத்தில் நின்று, அவன் பார்த்து முடித்த ஒவ்வொரு கேனையும் வாங்கி மூடிக்கொண்டே வந்தாள்.